செறிப்பு வேறு, உதிர்ப்பு வேறு

மேல்சித்தாமூர் என்ற சிற்றூர், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட நாட்டுப்புறத்தில், பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி, வயலும் ஏரியும் பாறையுமான நிலத்தில் அமைந்திருக்கிறது. காஞ்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்ததென்று சொல்லப்படும் ஜினகாஞ்சி மடம் இருப்பது அங்கேதான். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, இன்றும் நயினார் என்றே அழைக்கப்பட்டு, பொழுது சாய்வதற்குள் உணவை முடித்துக்கொள்ளும் நியமத்தை விடாமல் காத்துவரும் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு அதுவே தலைமைப் பீடம். அவ்வூர் மலைநாதர் கோயில் பாறையில் தீர்த்தங்கரர்களின் உருவங்களோடு பாகுபலியின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. நின்ற நிலையிலேயே தவமிருக்கும் அவரைச் சுற்றிக் கொடி படர்கிறது. அவர் அதைத் தள்ளவுமில்லை, தழுவவுமில்லை. புறத்தேயிருந்து வருவது எதுவாயினும் உள்ளே புக வழியில்லாதபடி ஓர் உயிர் தன்னைச் செறித்துக்கொண்ட நிலை இதுதான் என்று காட்டுவதற்கு, ஏடு ஏடாக எழுதிய சாஸ்திரகாரர்களைக் காட்டிலும் அந்தச் சிற்பிக்குக் குறைவான இடமே தேவைப்பட்டிருக்கிறது.

மேல்சித்தாமூர் இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தில், தென்பெண்ணையாற்றை ஒட்டிய திருவெண்ணெய்நல்லூரில்தான், 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தை 12 சூத்திரங்களில் அருளிச் செய்தார். அவருடைய மாணாக்கரான அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற சமயங்களோடு சமணத்தையும் எடுத்துக்கொண்டு மறுத்தார். சைவருக்கும் சமணருக்கும் நடந்த வழக்கு என்றால் கழுமரமும் அனல்வாதமும் புனல்வாதமுமே நம் ஜனங்களின் நினைவுக்கு வருகின்றன. அவற்றைவிட நுட்பமான வழக்கொன்று இரத்தம் சிந்தாமல் ஏட்டிலேயே நடந்தது. வினை என்பது சடம் என்ற அளவில் இரு சாராருக்கும் வேற்றுமை இல்லை. சடமான வினை, தன்னைச் செய்தவன் இன்னான் என்று கண்டு, காலம் பார்த்து, பிசகாமல் அவனையே சென்று சேர்வது எப்படி என்பதுதான் கேள்வி. அறிவற்ற பொருள் தானாக ஒன்றைத் தேடிச் சேராது, ஆகையால் சேர்ப்பிப்பவன் ஒருவன் வேண்டும், அவனே இறைவன் என்றது சைவம். சேர்ப்பிப்பவன் எவனும் வேண்டுவதில்லை, வினை என்பது நுண்ணிய அணுத்திரளாகிய புத்கலம், குரோதம், மானம், மாயை, உலோபம் என்ற கஷாயங்களின் பசை உயிரில் இருக்கும்வரை அது தன் ஸ்வபாவத்தாலேயே வந்து ஒட்டும், பசை அற்றால் ஒட்டாது என்றது சமணம்.

அறிவற்ற பொருள் மற்றொரு பொருளை இனங்காணுமா என்ற இந்தப் பழைய கேள்வி, கடந்த முப்பது ஆண்டுகளில் ஆராய்ச்சிக்கூடத்து மேஜைமேல் வேறு வேஷத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அணுவையும் அத்வைதத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து, நம் ரிஷிகள் எல்லாம் முன்பே சொல்லிவிட்டார்கள் என்று இலை போடுகிற கட்டுரைகளைக் கண்டால் எனக்கு அச்சம் உண்டு. ஆகையால் இங்கே சமண சித்தாந்தம் எச்.ஐ.வி.யை முன்னறிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஓர் உயிர்ப்பொருளுக்குள் அந்நியப் பொருள் புகுவது, ஒட்டுவது, உறங்குவது, எழுவது, உதிர்வது என்ற கிரமத்தை மிகுந்த சிரத்தையோடு ஆராய்ந்து வகுத்தவர்கள் ஒரு சாரார் இருந்தார்கள் என்றால், அப்படியே புகுந்து ஒட்டி உறங்கி எழும் ஒன்றைப்பற்றி யோசிக்கும்போது அவர்களுடைய பாகுபாட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. எங்கே பொருந்துகிறது என்பதைவிட எங்கே பொருந்தாமல் போகிறது என்பதே நமக்கு அதிகம் கற்பிக்கும்.

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். ஜீவராசிகளின் உயிரணுவில் டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, எச்.ஐ.வி. போன்ற ரெட்ரோவைரஸோ அதைத் தலைகீழாகச் செய்கிறது. தன்னிடமுள்ள ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றிக்கொண்டு, தான் புகுந்த உயிரணுவின் மரபணுத் தொகுதியையே வெட்டி, அதனிடையே தன்னை ஒட்டவைத்துவிடுகிறது. இப்படித் திருப்பி எழுதும் நொதியை 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்து, அதற்காக 1975இல் நோபல் பரிசு பெற்றார்கள். மற்ற வைரஸ்களில் பெரும்பாலானவை விருந்தாளியாக வந்து வீட்டைச் சூறையாடிவிட்டுப் போகின்றன என்றால், இது பட்டாவிலேயே தன் பெயரைச் சேர்த்துவிடுகிறது. ஒட்டியபின் அந்த உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அதுவும் கூடவே பிரதியாகிறது. எது என்னுடையது, எது வந்து சேர்ந்தது என்று அந்த அணுவுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆகவே காவல் என்று ஒன்று இருக்குமானால், அது ஒட்டுவதற்கு முன்னால் இருந்தாக வேண்டும்.

அத்தகைய காவல் இருக்கிறது. இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாவதற்கு நாட்கள் பல வேண்டும். இந்தக் காவலோ அணுவுக்குள்ளேயே, வைரஸ் வருவதற்கு முன்பே, பிறவியிலிருந்து தயாராக நிற்கும் புரதங்களாலானது. எச்.ஐ.வி. உயிரணுவுக்குள் விழும்போது வெறும் ஆர்.என்.ஏ.யாக விழுவதில்லை, ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகிய கூம்பு வடிவமான கூடு ஒன்றுக்குள் பத்திரமாக வருகிறது. ஏறக்குறைய 1500 பிரதிகளாக உள்ள ஒரே புரதம், பெரும்பாலும் ஆறு ஆறாகவும், வளைவு வேண்டிய 12 இடங்களில் மட்டும் ஐந்து ஐந்தாகவும் கூடி அந்தக் கூட்டைக் கட்டியிருக்கிறது. ரீசஸ் குரங்கின் உயிரணுக்களில் எச்.ஐ.வி. புகுந்தும் ஏன் வேரூன்றாமல் போகிறது என்று தேடிய ஜோசப் சோட்ராஸ்கியின் குழுவினர், 2004இல் ட்ரிம்-5 ஆல்ஃபா என்ற புரதத்தைக் கண்டார்கள். இப்புரதம் தனித்து நின்றால் வைரஸின் கூட்டைப் பற்றும் வலிமை அதற்கு மிகக் குறைவு. ஆனால் பல பிரதிகள் ஒன்றோடொன்று கைகோத்து, தாமும் அறுகோண அறுகோணமாக ஒரு வலையைப் பின்னும்போது, அந்த வலையின் இடைவெளியும் வைரஸ் கூட்டின் இடைவெளியும் அளவில் இசைந்துபோகின்றன. ஒவ்வொன்றும் பலவீனமான நூற்றுக்கணக்கான பிடிகள் சேர்ந்து ஒரே உறுதியான பிடியாகின்றன. வலை கவிந்த கூடு உரிய காலத்துக்கு முன்பே குலைகிறது. உள்ளே நடக்கவேண்டிய மொழிமாற்றம் நடவாமல் நின்றுபோகிறது. அதோடு, அந்நியன் வந்தான் என்ற எச்சரிக்கையும் அணுவுக்குள் பரவுகிறது.

அதைத் தாண்டினாலும் வேறு காவல்கள் உண்டு. அபோபெக்-3ஜி என்ற புரதம், டி.என்.ஏ. எழுதப்படும் தருணத்தில் அதன் எழுத்துகளில் ஒன்றை மற்றொன்றாக மாற்றி மாற்றி, படித்தால் பொருள்படாத பிரதியாக்கிவிடுகிறது. 2002இல் ஆன் ஷீஹியும் மைக்கேல் மாலிமும் அவர்களைச் சேர்ந்தவர்களும் இதை இனங்கண்டார்கள். சாம்எச்டி-1 என்ற மற்றொன்று, டி.என்.ஏ. எழுதுவதற்கு வேண்டிய மூலப்பொருளையே சில அணுக்களில் வற்றச்செய்துவிடுகிறது. டெதரின் என்பது, எல்லாத் தடைகளையும் கடந்து புதிதாகப் பிறந்து வெளியேறும் வைரஸை அணுவின் சவ்வோடு சேர்த்துக் கட்டிவைக்கிறது. ஆயினும் எச்.ஐ.வி. மனிதனை வீழ்த்துகிறதே என்றால், எதிரியும் சும்மா இருந்துவிடவில்லை. விஃப் என்ற வைரஸ் புரதம் அபோபெக்-3ஜியைப் பிடித்து, பழம்புரதங்களை அழிப்பதற்கென்று நம் அணுவே வைத்திருக்கும் அழிப்பு இயந்திரத்தில் நம் கையாலேயே போடச்செய்கிறது. விபியூ என்பது டெதரினுக்கு அதே கதியைத் தேடித்தருகிறது. கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட துரோகிகளைப்பற்றிச் செஞ்சி நாட்டில் கதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இங்கே துரோகம் என்பது எவருடைய மனத்திலும் இல்லை. ஒரு வடிவம் மற்றொரு வடிவத்தோடு இசைகிறது, அவ்வளவே.

இங்கேதான் திருவெண்ணெய்நல்லூர் வழக்கு மறுபடி எழுகிறது. ட்ரிம்-5 ஆல்ஃபா ஒரு சடப்பொருள். அதற்குக் கண் இல்லை, நினைவு இல்லை, தான் பிறன் என்ற வேற்றுமை உணர்ச்சி இல்லை. இருந்தும் அது எண்ணற்ற பொருள்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் அணுவின் உட்புறத்தில், தன் வீட்டுப் பொருளை விட்டுவிட்டு வந்தவனையே சென்று கவிகிறது. சடம் தானாக ஒன்றைச் சென்று சேராது என்ற வாதத்தின் முதல் வாக்கியத்தை, உள்ளது உள்ளபடி, இதற்குமேல் சொல்லமுடியாதென்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த அளவில் சமணர் பக்கம் ஒரு புள்ளி கூடுகிறது. ஆனால் சைவ சித்தாந்தி அத்துடன் வாயடைத்துப் போகிறவனல்லன். பொருந்துதல் வேறு, அறிதல் வேறு. பூட்டுக்குச் சாவி பொருந்துவதால் சாவி பூட்டை அறிந்ததாக ஆகாது. பொருந்தும்படி அமைந்திருக்கும் அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்றுதான் நான் கேட்டேன் என்பான் அவன். அதற்குப் பரிணாமவாதியின் விடை, பொருந்தாதவை கோடிக்கணக்கில் மாண்டுபோக, பொருந்தியவை எஞ்சின என்பது. இந்த விடையில் சேர்ப்பிப்பவனுக்கு இடமில்லை; ஆனால் மாண்டுபோனவற்றுக்கு மிகப்பெரிய இடமிருக்கிறது. ஒழுங்கைப் பார்த்து வியப்பவர்கள் அந்தச் சுடுகாட்டையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

சமணரின் பாகுபாட்டுக்கு வருவோம். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தைத் தழுவித் தமிழ்ச் சமண நூல்கள் உயிர், உயிரல்லது என்ற இரண்டையும் வைத்து, பின்பு வினை உள்ளே வருவதை ஊற்று என்றும், வந்தது உயிரோடு பிணைவதைக் கட்டு என்றும், வரும் வழியை அடைப்பதைச் செறிப்பு என்றும், பிணைந்ததைக் கழிப்பதை உதிர்ப்பு என்றும், முற்றும் கழிந்த நிலையை வீடு என்றும் முறைப்படுத்துகின்றன. இதை விளக்கப் பழைய ஆசிரியர்கள் ஏரியையே உதாரணமாக எடுப்பார்கள். திண்டிவனம் வட்டாரத்து விவசாயிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வரத்துக்கால்களை முதலில் அடைக்கவேண்டும். அடைத்த மாத்திரத்தில் ஏரி வற்றிவிடாது. உள்ளே நிற்கும் தண்ணீரை இறைத்தும் வெயிலில் காயவிட்டும் தனியே போக்கவேண்டும். அடைப்பது ஒரு காரியம், வற்றச்செய்வது மற்றொரு காரியம். ஒன்றைச் செய்தால் மற்றொன்று தானே நடந்துவிடும் என்று எண்ணுகிறவன் இரண்டிலும் ஏமாறுவான்.

எச்.ஐ.வி. சிகிச்சையின் இன்றைய நிலையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வேறு பரிபாஷையை நான் கண்டதில்லை. மேலே சொன்ன காவல் புரதங்கள் எல்லாம் செறிப்பின் கருவிகள். ஒட்டுவதற்கு முன்னால்தான் அவற்றுக்கு வேலை, அல்லது ஒட்டியது மீண்டும் பரவாமல் வாசலில் தடுப்பதற்கு. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இந்திய அரசு தாம்பரம் முதலிய இடங்களில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கி, இன்று விழுப்புரம் மாவட்டத்துக்காரர் தம் மாவட்டத்திலேயே வாங்கிக்கொள்ளும் கூட்டு மருந்துகளும் செறிப்பின் கருவிகளே. அவை புதிய அணுக்களில் வைரஸ் எழுதப்படுவதையும் ஒட்டுவதையும் முதிர்வதையும் தடுக்கின்றன; நாள் தவறாமல் உண்டால் இரத்தத்தில் வைரஸ் தேடினாலும் அகப்படாத நிலை வந்து, பிறருக்குப் புணர்ச்சியின் வழியே பரவுவதும் நின்றுவிடுகிறது. ஆனால் முன்பே ஒட்டிய பிரதிகள், ஓய்ந்துகிடக்கும் வெள்ளணுக்களில், எந்த மருந்தும் தீண்டாதபடி உறங்குகின்றன. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அவற்றில் சில விழித்தெழுந்து பெருகுகின்றன. ஒட்டிய வினை பலன் கொடாமல் கிடக்கும் நிலையைச் சத்தை என்றும், அது பலன் கொடுக்க எழுவதை உதயம் என்றும் சமண கர்ம சாஸ்திரம் பிரித்துச் சொல்கிறது. இருக்கிறது, ஆனால் எழவில்லை என்ற அந்த இடைநிலைக்குத் தனியே ஓர் இடம் வகுத்தார்களே, அதைத்தான் நான் மெச்சுகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தானாக எழும் காலம் வருவதற்கு முன்பே, தவத்தின் வெம்மையால் உறங்கும் வினையை வலிய எழுப்பி, எழுந்ததைக் கழித்துவிடலாம் என்பது சமணர் கொள்கை. அதற்கு உதீரணை என்று பெயர். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நினைவாகப் பொறித்த மிகப் பழைய கல்வெட்டு இருக்கிறது. அத்தனை நாள் அந்தப் பாறைமேல் கிடந்தவர் செய்ய முயன்றது இந்த உதிர்ப்பைத்தான். வைரஸ் ஆராய்ச்சியாளர்களும் இதே வழியில் ஒரு முயற்சி செய்து பார்த்திருக்கிறார்கள்: உறங்கும் பிரதிகளை மருந்தால் எழுப்பிவிட்டு, எழுந்த அணுக்களை அழிப்பது. எழுப்புவது ஓரளவு கைகூடியது. எழுந்தவை அழியவில்லை, உறங்கும் பிரதிகளின் சேமிப்பு குறையவில்லை. எலும்பு மச்சையையே மாற்றும் சிகிச்சையால் பூரணமாக விடுபட்டவர்கள் உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அதுவும் இரத்தப் புற்றுநோய்க்காகச் செய்யவேண்டி வந்த அபாயகரமான சிகிச்சை. ஆகவே செறிப்பு நம் கைக்கு வந்துவிட்டது, உதிர்ப்பு வரவில்லை என்பதே இன்றைய கணக்கு.

இவ்வளவு பொருத்தம் காட்டியபின், இந்த ஒப்புமையில் இருக்கும் விஷத்தையும் காட்டாமல் விட்டால் நான் குற்றவாளியாவேன். வைரஸ் வினையைப் போன்றது என்று சொல்வதற்கும், வைரஸ் வந்தது வினையால் என்று சொல்வதற்கும் இடையில் ஒரு மயிரிழைதான் தூரம். அதை நம் சமூகம் தாண்டித்தான் இருக்கிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி சேகரித்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்ட இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. அறியப்பட்டது, ஆறு பெண்களின் இரத்தம் அது. தொற்று இருப்பது தெரிந்தவுடன் மருத்துவத்துக்கு முன்னால் தீர்ப்பு வந்து நின்றது. லாரிகள் இராப்பகலாக ஓடும் திண்டிவனம், விழுப்புரம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் ஒருவனுக்கு இந்நோய் என்று காதில் விழுந்தால், எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என்ன செய்தானோ என்பதுதான் கேள்வி. சித்திரை மாதத்தில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுத்துக்கொள்ளும் திருநங்கையரை, ஒரு காலத்தில் நோயின் மறுபெயராகவே பேசினார்கள். அந்த விழாவையொட்டி விழுப்புரத்தில் கூடி எச்.ஐ.வி. விழிப்புணர்ச்சியை ஊருக்கு எடுத்துச் சொன்னவர்கள் அவர்களே என்பதைப் பேசியவர்கள் குறைவு.

ஒப்புமை உடையும் இடம் இதுதான். சமணர் சொல்லும் கட்டுக்குக் கஷாயம் வேண்டும். கோபமும் செருக்கும் வஞ்சனையும் உலோபமும் இல்லாத உயிரில் வினை நிலைத்து ஒட்டாது. வைரஸுக்கு அவை எதுவும் வேண்டாம். அணுவின் புறத்தே தனக்கு இசைந்த ஏற்பி ஒன்று இருந்தால் போதும். சிகிச்சை கிடைக்காத காலத்தில் தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை தொற்றைப் பெற்றன, மற்றவை தப்பின. பிறக்கும் சிசுவின் கஷாயத்தை எந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்பது? குரங்கின் விஷயம் இதைவிடத் தெளிவு. எச்.ஐ.வி.யை ரீசஸ் குரங்கின் ட்ரிம்-5 ஆல்ஃபா தடுக்கிறது, நம்முடையது பெரும்பாலும் தடுப்பதில்லை; இரண்டுக்கும் உள்ள வேற்றுமைகளில் முக்கியமான ஒன்று, நம் புரதத்தில் 332ஆம் இடத்தில் இருக்கும் அமினோ அமிலம். ஆர்ஜினின் என்ற அதை எடுத்துவிட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் புரோலினை வைத்தபோது, மனிதப் புரதமும் எச்.ஐ.வி.யைக் கணிசமாகத் தடுத்தது. அதே மனிதப் புரதம் மாற்றமின்றியே சுண்டெலிகளின் ஒரு வகை லுகேமியா வைரஸை நன்றாகத் தடுக்கிறது. ஆக, நம் முன்னோர் எந்தெந்த வைரஸோடு மல்லுக்கட்டி மாண்டார்கள், எவர் பிழைத்தார் என்ற பழங்கணக்கைத்தான் நம் அணுக்கள் சுமக்கின்றன. ரீசஸ் குரங்கு நம்மைவிட ஒழுக்கத்தில் உயர்ந்தது என்று எந்த நீதிமானும் சொல்லத் துணியமாட்டான் அல்லவா?

ஆசாரமான ஒரு சமணர் இதை மறுத்து, நோய்க்குக் காரணம் வேதனீயம் என்ற வினையின் உதயம், வைரஸ் வெறும் நிமித்தம் என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆனால் அவர் அதைத் தம் துன்பத்தைத் தாங்குவதற்குச் சொல்லிக்கொள்ளலாமேயன்றி, அடுத்தவனை அளப்பதற்கு எடுக்க அவருடைய சாஸ்திரமே இடம் கொடுக்கவில்லை. நல்லறிவு, நல்லொழுக்கம் இரண்டுக்கும் முன்னால் நிற்கும் நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் உண்டு; அவற்றில் ஒன்று, நோயுற்ற உடம்பைக் கண்டு அருவருப்புக் கொள்ளாமை. அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறவன் உத்தாயணன் என்ற அரசன். தேவன் ஒருவன் அவனைச் சோதிக்க எண்ணி, உடம்பெல்லாம் புண்ணழுகிய முனிவராக அவன் அரண்மனைக்கு வந்து, பிச்சையேற்று உண்டு, உண்டதை அவன்மேலேயே கக்கினான். நாற்றம் தாளாமல் ஏவலாளர் ஓடிப்போனார்கள். அரசனோ, நான் இட்ட உணவு ஒவ்வாமல் போயிற்றே என்று தன்னையே நொந்துகொண்டு, முனிவரைத் தன் கையால் கழுவிவிட்டான். இவருக்கு இந்நோய் எந்த வினையால் வந்தது என்று அவன் கேட்கவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் செறிப்பையும் உதிர்ப்பையும் பற்றியது. உள்தவங்கள் ஆறில் ஒன்றாக, தொண்டு தேவைப்படும் துறவியருக்கு, அவர்களுள் நோயாளிக்கும், பணிவிடை செய்வதை அது எண்ணுகிறது. நோயாளியின் வினையைப்பற்றி ஆராய்ச்சி செய்வதால் எவனுக்கும் வினை உதிர்வதாக அந்த அத்தியாயத்தில் நான் காணவில்லை.

கடைசியாக ஒரு சிக்கல். தான் வேறு, வந்து ஒட்டியது வேறு; ஒட்டியதை முழுவதும் நீக்கினால் தான் தன் தூய நிலையில் விளங்கும் என்பது சமணரின் துணிபு. உயிரைப்பற்றி இது எப்படியாயினும், உடம்பைப்பற்றி இப்படிச் சொல்லமுடியாது. மனித மரபணுத் தொகுதியில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பங்கு, மனிதன் என்ற இனமே தோன்றுவதற்கு முன்பிருந்து நம் மூதாதைகளின் விந்திலும் கருமுட்டையிலும் புகுந்து ஒட்டிய ரெட்ரோவைரஸ்களின் எச்சம். பெரும்பாலானவை சிதைந்து கிடக்கின்றன, சில உழைக்கின்றன. கருப்பையில் தாய்க்கும் சிசுவுக்கும் நடுவே நஞ்சுக்கொடியின் அணுக்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாக ஆவதற்கு வேண்டிய சின்சிட்டின் என்ற புரதம், ஒரு பழைய ரெட்ரோவைரஸ் அணுக்களுக்குள் புகுவதற்காக வைத்திருந்த உறைப்புரதமே என்று 2000இல் தெரியவந்தது. சுண்டெலியை லுகேமியா வைரஸிலிருந்து காக்கும் எஃப்வி-1 என்ற மரபணுவை 1996இல் பிரித்தெடுத்துப் படித்தபோது, அதுவும் எப்போதோ வந்து ஒட்டிய ரெட்ரோவைரஸின் ஒரு துண்டாகவே இருந்தது. இவற்றையெல்லாம் அந்நியம் என்று கழித்துக்கொண்டே போனால், காவலும் போகும், கருவும் போகும்.

சித்தாந்திக்கு இது பெரிய சங்கடமன்று. மாயையும் கன்மமும் மலங்களேயாயினும், மூலமலமாகிய ஆணவத்தின் வலியைக் குறைப்பதற்கென்றே இறைவன் அவற்றை உயிருக்குக் கூட்டினான் என்பது அவன் மதம். மலத்தைக்கொண்டு மலத்தைக் கழிக்கும் இடத்தில் எஃப்வி-1 வசதியாக உட்கார்ந்துகொள்ளும். சமணருடைய விடை இன்னும் நுட்பமானது, என் மனத்துக்கு இன்னும் நேர்மையானதும்கூட. தீர்த்தங்கர நாமகர்மம் என்று ஒரு வினையை அவர்கள் சொல்கிறார்கள். பதினாறு பாவனைகளால் ஈட்டப்படுவது அது. அது உதயமாவதால்தான் ஒருவர் சமவசரணத்தில் அமர்ந்து தேவர்க்கும் மனிதர்க்கும் விலங்குக்கும் அறம் உரைக்கிறார். அத்தனை உயர்ந்ததாயினும் அது கட்டு என்ற கணக்கிலேயே இருக்கிறது. அதுவும் உதிர்ந்த பின்புதான் தீர்த்தங்கரருக்கும் வீடு. சின்சிட்டினை எந்த வரிசையில் வைப்பது என்று மேல்சித்தாமூர் மடத்து ஆசாரியர் ஒருவரைக் கேட்டால், புண்ணியக் கட்டு என்ற தலைப்பின் கீழ் அதற்கு மரியாதையாக இடம் கொடுப்பாரேயொழிய, கட்டு என்ற பெயரை மட்டும் நீக்கிவிடச் சம்மதிக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அவரிடம் எனக்கு ஒரு வினா மிச்சமிருக்கும். நஞ்சுக்கொடி தன் வேலை முடிந்து பிரசவத்தோடு விழுந்துவிடுகிறது. அதை ஆக்கிய வைரஸின் எழுத்தோ, பிறந்த குழந்தையின் உடம்பில், அது இனிப் பெறப்போகும் குழந்தைக்காகவும் சேர்த்து, அழியாமல் இருக்கிறது. இந்த உதிர்ப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?